இலையில் விளையும் தடுப்பு மருந்து

குமாவுன் மலைத்தொடரில் இராணிக்கெட் என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. படை தங்கும் பாசறையாகவும் கோடை வாசத்தலமாகவும் அறியப்பட்ட அவ்வூரின் பெயர், கோழி வளர்ப்போருக்கு மட்டும் வேறொரு காரணத்தால் அச்சம் தரும் பெயராகிவிட்டது. 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், அதே ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரையடுத்தும், கோழிகளைக் கூட்டங்கூட்டமாக மடிவித்த ஒரு புதிய நோய் தோன்றியது. ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அது இராணிக்கெட்டிலும் காணப்பட்டது. 1928-ல் எட்வர்ட்ஸ் என்பார் அதனை விவரித்தார். மேனாட்டார் இதனை நியூகாசில் நோய் என்பர். நம் நாட்டில் இராணிக்கெட் நோய் என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழ் நாட்டுக் கிராமத்தார் வெள்ளைக் கழிச்சல் என்று கூறுவதும் இதனையே.

நோயின் குறிகளைக் கள ஊழியர் நன்கு அறிவர். கோழி தீனியை வெறுத்து ஒடுங்கி நிற்கும்; வாயைத் திறந்து மூச்சுவிடத் திணறும்; பச்சையாகவோ வெண்மையாகவோ கழியும்; சில நாட்கள் தாங்கி நின்ற கோழிக்குக் கழுத்து ஒருபுறம் முறுக்கிக்கொள்ளும், காலும் இறக்கையும் செயலற்றுப் போகும். கடுமையான வகை வைரஸ் புகுந்தால், தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் ஏறத்தாழ அனைத்துமே மாண்டுபோவது உண்டு. நோய் கண்ட பின்பு அளிக்கத்தக்க மருந்து எதுவும் இல்லை. வருமுன் காப்பதொன்றே வழி.

அவ்வழி கிட்டி நெடுநாள் ஆயிற்று. இராணிக்கெட்டுக்கு அண்மையிலேயே, அதே குமாவுன் மலையில் உள்ள முக்தேசுவரம் ஆய்வுக்கூடத்தில், 1940-களில் ஹாடோவும் இத்னானியும் இந்நோயின் வைரஸைக் கருவளரும் கோழிமுட்டைகளில் மீண்டும் மீண்டும் வளர்த்து அதன் கொடுமையைத் தணித்தனர். முக்தேசுவர வகை என்றும் ஆர்.டூ.பி. என்றும் வழங்கும் அத்தடுப்பு மருந்து இன்றும் வளர்ந்த கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. இளங்குஞ்சுகளுக்கு எஃப் வகை, லசோட்டா வகை ஆகிய இன்னும் மென்மையானவை கண்ணிலும் மூக்கிலும் சொட்டாக இடப்படுகின்றன. இவை நம்பத்தகுந்தவை, விலையும் மிகக் குறைவு.

அவ்வாறாயின், தாவரங்களில் தடுப்பு மருந்தை உண்டாக்க வேண்டுமென்று பல நாட்டு விஞ்ஞானிகள் முயன்று வருவது ஏன்?

இவ்வினாவுக்கு விடை ஆய்வுக்கூடத்தில் இல்லை, புறக்கடையில் உள்ளது. 2019-ல் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கோழியினங்கள் 85 கோடிக்கு மேல் இருந்தன. அவற்றுள் 31 கோடியே 70 லட்சம் புறக்கடையில் வளர்பவை. பண்ணையாளரிடம் குளிர்பதனப் பெட்டி உண்டு, பணியாளர் உண்டு. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன. புறக்கடைக் கோழியோ வேறு. ஒரு வீட்டில் ஐந்து, அடுத்த வீட்டில் பன்னிரண்டு. பகல் முழுவதும் மேய்ந்து திரிந்து, பொழுது சாயும் வேளையில்தான் கூடு அடைகின்றன. தடுப்பு மருந்தோ நூறு கோழிகளுக்கும் அதற்கு மேலும் போதுமான அளவில் ஒரே குப்பியில் வருகிறது. உறைய வைத்து உலர்த்திய அம்மருந்தை உற்பத்தியான இடத்திலிருந்து கிராமம் வரை 2 முதல் 8 பாகை சென்டிகிரேடு குளிரிலேயே வைத்திருத்தல் வேண்டும். நீரில் கரைத்துவிட்டாலோ ஓரிரு மணி நேரத்துக்குள் செலவிட்டாக வேண்டும். பன்னிரண்டு கோழிகளுக்காகக் குப்பியைத் திறந்தால் மீதி வீண். திறக்காவிட்டால் பன்னிரண்டும் போகும். கோழி விற்ற காசில் பிள்ளைக்குப் பாடப் புத்தகமும் வீட்டுக்கு எண்ணெயும் வாங்கும் குடும்பத்துக்கு அந்தப் பன்னிரண்டு கோழிகளின் இழப்பு எத்தகையது என்பதை ஊழியருக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

குளிரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், தீனியோடு தூவினால் போதும் என்ற நிலை வருமாயின் இச்சிக்கல் தீரும். தாவரத் தடுப்பு மருந்தின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை. (ஊசியே இல்லாத ஒன்றைத் தடுப்பூசி என்று வழங்குவது பொருந்தாது, ஆகவே இக்கட்டுரையில் தடுப்பு மருந்து என்ற சொல்லே ஆளப்படுகிறது.)

வைரஸின் இரு கருவிகள்

இராணிக்கெட் வைரஸின் மேலுறையில் இரண்டு புரதங்கள் முட்களைப்போல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை ஹெச்.என். என்றும் மற்றதை எஃப் என்றும் குறிப்பர். ஹெச்.என். புரதம் கோழியின் உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் கொக்கி. எஃப் புரதம் வைரஸின் உறையையும் உயிரணுவின் உறையையும் ஒன்றாக இணைத்து வைரஸ் உள்ளே புக வழி திறக்கும் கருவி.

எஃப் புரதம் உருவானவுடன் வேலை செய்வதில்லை. கோழியின் உடலில் உள்ள நொதிகளுள் ஒன்று அதனைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டிய பிறகே அது செயல்படும். மென்மையான வைரஸ் வகைகளில் அவ்விடத்தை வெட்டவல்ல நொதிகள் மூச்சுக் குழலிலும் குடலிலும் மட்டுமே கிடைக்கின்றன. ஆகையால் நோய் அங்கேயே அடங்கிவிடுகிறது. கொடிய வகைகளிலோ வெட்டப்படும் இடத்தின் அமைப்பு சற்று மாறியிருக்கிறது. உடலின் எல்லா உறுப்புக்களிலும் உள்ள நொதியே அதனை வெட்டிவிடும். மூளை வரை வைரஸ் பரவுவதும் கழுத்து முறுக்கிக்கொள்வதும் இதனாலேயே. சில அமினோ அமிலங்களின் வேறுபாடு ஒரு கூட்டத்தின் வாழ்வையும் சாவையும் நிர்ணயிப்பதை வகுப்பறையில் எடுத்துக்காட்ட, ஆசிரியர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இவ்விரு புரதங்களுக்கும் எதிர்ப்பொருள் உடலில் உண்டாகிவிட்டால் வைரஸ் பற்றவும் முடியாது, புகவும் முடியாது. எனவே முழு வைரஸ் தேவையில்லை. இப்புரதங்களுள் ஒன்றை மட்டும் உடலுக்குக் காட்டினாலும் காப்பு உண்டாகக்கூடும். ஹெச்.என். மரபணுவை ஒரு செடிக்குள் புகுத்தினால் அச்செடியே அப்புரதத்தை உண்டாக்கித் தராதோ என்பது ஆராய்ச்சியாளர் எழுப்பிய கேள்வி.

மண்ணில் வாழும் துணையாள்

மரபணுவைச் செடிக்குள் கொண்டு செல்லும் வேலையை மனிதன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிர் இதனை நெடுங்காலமாகவே செய்து வருகிறது. செடியின் காயத்தின் வழியே புகுந்து, தன் மரபுப் பொருளின் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்திக் கழலைக் கட்டியை உண்டாக்குவது அதன் இயல்பு. அத்துண்டிலிருந்து கட்டியை உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு, வேண்டிய மரபணுவை அதில் வைத்தால் நுண்ணுயிர் அதனையும் சுமந்து செல்கிறது. 1983-ல் இம்முறையில் புகையிலைச் செடிக்கு அயல் மரபணு ஊட்டப்பட்டது.

1992-ல் அமெரிக்காவில் மேசன், லாம், ஆர்ன்ட்சன் ஆகியோர் மனிதருக்கு வரும் மஞ்சட்காமாலையின் ஒரு வகையான ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைப் புகையிலையில் விளைவித்தனர். கிடைத்த அளவு, இலையின் கரையும் புரதத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எனினும் கதவு திறந்துவிட்டது. 1995-ல், கழிச்சல் உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றின் நச்சுப் பகுதியைத் தாங்கிய உருளைக்கிழங்கை எலிகளுக்கு ஊட்ட, அவற்றின் உடலில் எதிர்ப்பொருள் தோன்றியது. 1998-ல் மனிதரும் அத்தகைய உருளைக்கிழங்கை உண்டு பார்த்தனர். வேகவைத்தால் புரதம் சிதைந்துவிடுமாதலால் பச்சையாகவே உண்ணவேண்டியிருந்தது. வாழைப்பழம் தின்றால் போதும், இனி ஊசி வேண்டாம் என்ற ஆரவாரம் அக்காலத்தில் பத்திரிகைகளில் மிகுந்தது. அவ்வாரவாரத்தில் பாதி தணிந்த பிறகே பயனுள்ள வேலை தொடங்கிற்று என்று கூறலாம்.

கோழி நோய்கள் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாயின. மனிதருக்கான மருந்தைவிடச் சோதனை எளிது. கோழி தானியத்தைப் பச்சையாகவே உண்பதால் வேகவைக்கும் தொல்லையும் இல்லை. அர்ஜென்டினாவில் ஹெச்.என்., எஃப் ஆகிய இரண்டு புரதங்களும் உருளைக்கிழங்குச் செடியில் விளைவிக்கப்பட்டு 2005-ல் எலிகளில் சோதிக்கப்பட்டன. 2006-ல் மெக்சிகோ நாட்டினர் எஃப் புரதத்தை மக்காச்சோளத்தில் விளைவித்தனர். அச்சோளத்தைத் தின்ற கோழிகளுக்குக் கொடிய வைரஸைச் செலுத்தியும் அவை பிழைத்தன. சீனத்தில், கம்போரோ நோயை உண்டாக்கும் வைரஸின் வி.பி.-2 என்னும் புரதத்தை நெல்மணியில் உண்டாக்கி, அதனைத் தின்ற கோழிகள் அந்நோயினின்று காக்கப்பட்டதாக 2007-ல் அறிவித்தனர். (கம்போரோ என்பது 1962-ல் இந்நோய் முதன்முதலில் விவரிக்கப்பட்ட அமெரிக்க ஊரின் பெயர். கோழி நோய்களுக்கு ஊர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் அவ்வூர்களுக்குப் பெருமை சேர்த்ததாகத் தெரியவில்லை.)

நெல்லைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. இலையில் உள்ள புரதம் பறித்தவுடன் அழுகத் தொடங்கும். விதையிலோ அது உலர்ந்த நிலையில், சிறு புரத உருண்டைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஜப்பானில் காலரா நோய்க்கான புரதத்தைத் தாங்கிய அரிசி, அறையின் சாதாரண வெப்பத்திலேயே ஒன்றரை ஆண்டுக்கு மேல் கெடாமல் இருந்ததென்று 2007-ல் காட்டப்பட்டது. ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து வரப்பில் நடக்கும் ஊழியருக்கு இச்செய்தியின் அருமை புரியும்.

நம் நாட்டிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மாடுகளைத் தாக்கும் வெக்கை நோயின் வைரஸ் புரதத்தை நிலக்கடலைச் செடியில் விளைவித்து, அதனை உண்ட மாடுகளில் எதிர்ப்பொருள் உண்டாவதை 2003-ல் எடுத்துக்காட்டினர். அந்நோய் 2011-ல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்தது கடலைச் செடியன்று, பழைய உயிர்த் தடுப்பு மருந்தே. எனினும் அசைபோடும் விலங்கின் வயிற்றையும் கடந்து புரதம் பயன் தரக்கூடும் என்பதை அவ்வாராய்ச்சி காட்டிற்று.

அனுமதி பெற்றும் அங்காடிக்கு வராதது

2006-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அமெரிக்க வேளாண்மைத் துறை ஓர் அனுமதியை வழங்கியது. உலகில் தாவரத்தின் வழியே உண்டாக்கப்பட்டு அரசாங்க அனுமதி பெற்ற முதல் தடுப்பு மருந்து அது. எந்த நோய்க்கு என்றால், கோழியின் நியூகாசில் நோய்க்கே, அதாவது நம் இராணிக்கெட் நோய்க்கே. டவ் அக்ரோசயன்சஸ் என்னும் நிறுவனம் அதனை உருவாக்கியிருந்தது.

அது உண்ணும் மருந்தன்று என்பதைக் கவனிக்க வேண்டும். வயலில் விளைந்ததும் அன்று. புகையிலைச் செடியின் உயிரணுக்களை மட்டும் தனியே பிரித்து, மூடிய எஃகுத் தொட்டிகளில் ஊட்டநீரில் வளர்த்து, அவற்றிலிருந்து ஹெச்.என். புரதத்தை எடுத்து, கோழியின் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தும் முறை அது. இம்முறையில் நன்மைகள் பல இருந்தன. உயிருள்ள வைரஸ் எந்தக் கட்டத்திலும் இல்லை. முட்டைகளில் மறைந்திருந்து மருந்தை மாசுபடுத்தக்கூடிய கோழி வைரஸ்கள் தாவர உயிரணுவில் வாழ்வதில்லை. மேலும், ஹெச்.என். ஒன்றை மட்டும் பெற்ற கோழியின் இரத்தத்தில் வைரஸின் பிற புரதங்களுக்கு எதிர்ப்பொருள் இராது. ஆகையால் மருந்து பெற்ற கோழி எது, நோய் தொற்றிய கோழி எது என்று பிரித்தறியலாம்.

இவ்வளவு இருந்தும் அம்மருந்து விற்பனைக்கு வரவே இல்லை. ஒரு முறை இயலும் என்பதை மெய்ப்பிக்கவே அனுமதி பெற்றதாக நிறுவனம் நின்றுவிட்டது. சில காசுகளுக்குக் கிடைக்கும் முட்டைத் தடுப்பு மருந்தோடு எஃகுத் தொட்டியில் விளைந்த புரதம் விலையில் போட்டியிட இயலவில்லை என்பதே இதில் காணத்தக்க உண்மை.

விலை வேறுபாட்டுக்குக் காரணம் வியாபாரம் மட்டுமன்று, உயிரியலே. உயிர்த் தடுப்பு மருந்தில் உள்ள மென்மையான வைரஸ் கோழியின் கண்ணில் விழுந்த பின்பு தானே பெருகுகிறது. ஒரு சொட்டு போதும். மீதி உற்பத்தியைக் கோழியின் உடலே இலவசமாகச் செய்து தருகிறது. ஒரு கருமுட்டையின் நீரிலிருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு வேண்டிய மருந்து கிடைப்பதும் இவ்வியல்பாலேயே. தாவரம் தரும் புரதமோ பெருகுவதில்லை. எத்தனை மைக்ரோகிராம் கோழிக்கு வேண்டுமோ அத்தனையும் செடியே உண்டாக்க வேண்டும். அதையும் வாய்வழியே கொடுப்பதாயின் தேவை பன்மடங்காகிறது. தீனிப்பையைத் தாண்டியவுடன் இரைப்பையின் அமிலமும், அடுத்து அரைவைப்பையின் அரைப்பும், குடலின் நொதிகளும் காத்திருக்கின்றன. தாவர உயிரணுவின் தடித்த சுவர் புரதத்துக்கு ஓரளவு கவசமாகிறது என்பது உண்மையே. ஆயினும் குடலில் உள்ள நோய் எதிர்ப்புத் திசுக்களை அடைவது உட்கொண்டதில் சிறு பகுதிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டத்தில் வலிய சேவல் நான்கு மடங்கு தின்னும்; மெலிந்த பெட்டை அரைகுறையாகத் தின்னும். தானியத்தில் புரதத்தின் அளவும் செடிக்குச் செடி மாறும். அளவு குறைந்தால் காப்பு இல்லை. குறைந்த அளவில் அடிக்கடி உட்சென்றால் உடல் அதனை உணவாகவே பாவித்து எதிர்ப்பைக் காட்டாமலே விட்டுவிடவும் கூடும். ஆகையினால்தான் இக்காலத்து ஆராய்ச்சியாளர் ‘தின்றால் போதும்’ என்ற பேச்சைக் குறைத்துக்கொண்டனர். விளைந்த விதையை மாவாக்கி, புரதத்தின் அளவைச் சோதித்து, நிர்ணயித்த அளவில் குளிகையாகக் கொடுப்பதையே நாடுகின்றனர்.

வயலுக்கும் வேலி வேண்டும்

2002-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. மருந்துப் புரதம் விளைவிக்கும் மக்காச்சோளத்தைப் பயிரிட்ட நிலத்தில் அடுத்த பருவத்துக்குச் சோயா பயிரிட்டனர். சிந்திக் கிடந்த சோளம் தானாக முளைத்துச் சோயா அறுவடையில் கலந்துவிட்டது. கலந்த தானியம் முழுவதும் அழிக்கப்பட்டது. புரோடிஜீன் என்ற அந்நிறுவனத்துக்கு 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மனிதர் உண்ணும் பயிரில் மருந்து விளைவிப்பதன் அபாயம் அதன்பின் எல்லோருக்கும் விளங்கிற்று.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-ல் இயற்றப்பட்ட விதிகள் இத்தகைய பயிர்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆய்வு நிறுவனத்தின் குழு முதல் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு வரை பல படிகளைக் கடந்தாக வேண்டும். 2010-ல் பி.டி. கத்தரிக்காய் நிறுத்திவைக்கப்பட்டதை எண்ணினால், தடுப்பு மருந்து விளையும் நெல் நம் வயல்களில் திறந்த வெளியில் நிற்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. மூடிய பசுமைக் குடிலில், மனிதர் உண்ணாத செடியில் விளைவிப்பதே நடைமுறைக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

அவ்வழியில் இன்று முன்னிற்பது ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளரும் ஒரு காட்டுப் புகையிலை இனம். உடல்நலத்துக்குக் கேடென்று நாம் தூற்றும் புகையிலைக் குடும்பத்துக்கு மருந்து ஆய்வுக்கூடங்களில் கிடைத்துள்ள மதிப்பு வியப்புக்குரியது. இச்செடியின் மரபை நிலையாக மாற்றவேண்டியதில்லை. வளர்ந்த செடியின் இலைகளை அக்ரோபாக்டீரியம் கலந்த நீரில் அமிழ்த்தி, காற்றை உறிஞ்சி வெளியேற்றினால் நுண்ணுயிர் இலைக்குள் புகுகிறது. சில நாட்களில் இலை முழுவதும் வேண்டிய புரதம் நிரம்புகிறது. விதை உண்டாவதற்கு முன்பே செடியை அறுத்துவிடலாம். புதிய வைரஸ் வகை தோன்றினால் சில வாரங்களில் அதற்கேற்ற புரதத்தை உண்டாக்கவும் முடியும். பறவைக் காய்ச்சல் வைரஸின் புரதமும் இம்முறையில் விளைவிக்கப்பட்டுள்ளது. கனடாவின் மெடிக்காகோ நிறுவனம் மனிதருக்கான கொரோனாத் தடுப்பு மருந்தை இச்செடியில் உண்டாக்கி 2022 பிப்ரவரியில் அனுமதியும் பெற்றது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனத்தை மூடுவதாக அதன் உரிமையாளர் அறிவித்தனர். 2006-ஆம் ஆண்டின் கதை மனிதர் மருந்திலும் ஒருவாறு திரும்ப நிகழ்ந்தது.

கோழித் துறையிலும் போட்டியாளர் சும்மா இருக்கவில்லை. மாரெக் நோய்த் தடுப்புக்குப் பயன்படும் வைரஸில் இராணிக்கெட்டின் எஃப் மரபணுவை இணைத்து, குஞ்சு பொரிக்கும் நிலையத்திலேயே அளிக்கும் மருந்து பண்ணைகளில் வழங்கிவருகிறது. புறக்கடைக்கென்று வெப்பத்தைத் தாங்கும் வைரஸ் வகைகள் உள்ளன. ஆஸ்திரேலியாவில் கண்டெடுக்கப்பட்ட வி-4 வகையும், அதன்பின் வந்த ஐ-2 வகையும் இத்தகையவை. ஐ-2 வகை மொசாம்பிக் முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் கிராமங்களில் கண் சொட்டாகப் பெரிதும் கையாளப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமோ டி-58 என்னும் மென்மையான வகையைத் தீவனக் குருணையில் ஏற்றி, நாட்டுக் கோழிகளுக்குத் தூவத்தக்க வாய்வழி மருந்தாக்கியது. ஊசியின்றித் தீனியோடு காப்பு என்ற எண்ணம், செடியின் துணையின்றியே இவ்வாறு ஓரளவு கைகூடியிருக்கிறது. இங்கே தானியம் வெறும் வாகனம். வேலை செய்வது உயிருள்ள வைரஸே. விழுங்கப்பட்ட வைரஸ் பெருகுவதனால் அளவுக் கணக்கின் தொல்லை இதில் குறைவு.

தாவரத் தடுப்பு மருந்து வெல்லவேண்டிய எதிரி, ஆகவே, வைரஸ் மட்டுமன்று. ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் இம்மலிவான மருந்துகளும்தாம். உயிர் வைரஸைக் கையாள இயலாத கொடிய நோய்களில், குறிப்பாகப் பறவைக் காய்ச்சலில், அதன் இடம் வேறு. அங்கே மென்மையான வைரஸைப் பரப்பித் தடுப்பு அளிப்பது ஆபத்தானதாகையால், தூய புரதத்தை மட்டும் தரும் செடிக்கு மதிப்பு மிகுதி. மருந்து பெற்ற கோழியையும் நோயுற்ற கோழியையும் பிரித்தறியும் வசதியும் அந்நோயில்தான் பெரிதும் தேவைப்படுகிறது.

கிராமத்தார் ‘செடி மருந்து எப்போது வரும்?’ என்று வினவினால், கள ஊழியர் காட்டத்தக்கது இப்போது கைவசம் உள்ள குப்பியே. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வார அளவில் இறக்கைப் பகுதியில் ஆர்.டூ.பி. ஊசி. பல வீட்டாரை முன்கூட்டியே ஒருங்கு சேர்த்து, முந்தைய இரவே கோழிகளைக் கூட்டில் அடைத்து வைக்கச் சொல்லி, விடியற்காலையில் கூடு திறக்கும் முன்பு சென்றால் ஒரு குப்பி முழுவதும் வீணின்றிச் செலவாகும்.